நடைக்கு ஒரு சாட்சி

அவள் விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. பல்பொருள் அங்காடியில் பால் அடுக்கியிருக்கும் அலமாரிக்கும் ஃப்ரீசர் பெட்டிகளுக்கும் நடுவில் விழுந்தாள். ஃப்ரீசரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பரவியிருந்தது. தரை வெள்ளை, தண்ணீருக்கு நிறமில்லை. இடது கால் தனக்கென்று ஒரு அவசரம் வந்ததுபோல் முன்னால் போயிற்று, உடம்பு பின்னால் போயிற்று. இடது இடுப்பு தரையில் மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது.

கையிலிருந்த பால் பாக்கெட் உடைந்து கொட்டியது. ஆனால் முதலில் அவள் தேடியது கையிலிருந்து தெறித்துப்போன ரொட்டியை. கடைப் பணியாள் ஒருத்தி ஓடிவந்தாள்.

"அம்மா, அடி பட்டுடுச்சா?"

"இல்ல, இல்ல. ஒண்ணும் ஆகல. மன்னிச்சுக்கோங்க, பால் கொட்டிடுச்சு."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்பார்களே, அந்தக் கூச்சம்தான். ஆனால் எழ முயன்றபோது இடது கால் எழவில்லை. பாதம் மட்டும் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டு, வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. வேலையும் வீட்டிலேயேதான். மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்த கையோடு பேசிப் பதிவுசெய்யும் குறிப்புகளை ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். நாள் முழுக்கக் காதுக்குள் குரல்கள் இருக்கும். ஒன்றும் அவளிடம் பேசுவதில்லை. கம்பெனியில் அவளுக்கு மேலே யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. மின்னஞ்சலின் அடியில் ஒரு பெயர் வரும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் போனை வாயருகே வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். "இடது தொடை எலும்புக் கழுத்து முறிவு, கமா, இடம் பெயர்ந்திருக்கிறது, முற்றுப்புள்ளி." அவர் அவள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்காகத் தட்டியிருக்கிறாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணன் வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தார். தங்கைக்கு ஐம்பத்தாறு ஆனாலும் அவருக்கு அவள் 'பாப்பா'தான்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. நீ யானைகூட இல்ல பாப்பா, கொக்கு," என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா விடக்கூடாது. தண்ணி ஒழுகவிட்டது அவன். ஒரு போர்டு வெச்சானா? துணி போட்டானா? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு. நான் பேசறேன்," என்றார்.

பேசவும் செய்தார். பிறகு ஊருக்குப் போய்விட்டார். அவருக்கும் குடும்பம், வேலை எல்லாம் இருந்தன.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இடது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது என்றார்கள். கேட்க ஒன்றரை சென்டிமீட்டர் சின்ன அளவுதான். படியில் ஏறும்போதுதான் அதன் நீளம் தெரிந்தது. ஊன்றுகோலை ஒரு கையிலும் கைப்பிடிச் சுவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினால், பையை வாயில்தான் கவ்வ வேண்டும். கவ்வியே ஏறினாள். பார்ப்பதற்கு யாருமில்லாத படி என்பதால் வெட்கமில்லை.

வக்கீல் வேகமாகப் பேசுகிறவர், ஆனால் விஷயத்தைப் புரிகிற மாதிரி சொன்னார். "அம்மா, விழுந்தது யார் தப்புன்றது ஒரு பாதி. அத நான் பாத்துக்கறேன். கேமரா பதிவ அழிக்கக் கூடாதுன்னு உங்க அண்ணன் பேசின அன்னைக்கே நோட்டீஸ் குடுத்தாச்சு. நாப்பது நிமிஷம் தண்ணி ஒழுகுது, ரெண்டு பேர் அதத் தாண்டிப் போறாங்க. எல்லாம் பதிவுல இருக்கு. விழுந்ததால உங்களுக்கு என்ன போச்சுன்றது மறு பாதி. அதுக்கு நீங்கதான் வேணும். தினமும் என்ன வலி, எதெது செய்ய முடியல, எல்லாம் எங்களுக்குச் சொல்லணும்."

அதைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கு அவர் அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள். செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"அக்கா, இந்த வாரம் எப்படி இருந்துச்சு? தூங்க முடிஞ்சுதா?"

முதலில் எரிச்சலாக இருந்தது. குளிக்கும்போது எங்கே உட்காருகிறீர்கள், சாக்ஸ் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்றெல்லாம் ஒருத்தி கேட்பதா? நான்கைந்து வாரத்தில் அந்த எரிச்சல் போய்விட்டது. திங்கட்கிழமையே பதில்களை மனதில் அடுக்க ஆரம்பித்தாள். செவ்வாய் காலை பத்தே முக்காலுக்கெல்லாம் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவாள். ஒரு வாரம் வலி சற்றுக் குறைந்திருந்தபோது, சொல்ல ஒன்றுமில்லையே என்று கவலையாகக்கூட இருந்தது.

எதிர்த்தரப்புக் காப்பீட்டுக் கம்பெனியின் பதில் ஐந்தாம் மாதம் வந்தது. இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, அவள் ஷூவின் அடி தேய்ந்துபோயிருந்திருக்கலாம், அதனால்தான் வழுக்கியது. இரண்டாவதுதான் வக்கீலையே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மருத்துவக் குறிப்பைத் தேடிப்பிடித்திருந்தார்கள். 'படியேறும்போது இடது முழங்கால் வலி. நடையில் சிறு சாய்வு.' ஆகவே இந்தப் பெண்மணி விபத்துக்கு முன்பே நொண்டி நடந்தவர்தான் என்பது அவர்கள் வாதம்.

"அது ஒரு மாசம் இருந்துச்சு, போயிடுச்சு," என்றாள் அவள். "அதுக்கப்புறம் நான் டாக்டர்கிட்டயே போகல. தினமும் நடந்துட்டுதான இருந்தேன்? காலைல ஆறரைக்குக் கிளம்பி, கால்வாய்க் கரையோட போய், ரயில் நிலையத்தச் சுத்திக்கிட்டு வருவேன். நாப்பது நிமிஷம். பதினோரு வருஷமா."

"ரொம்ப நல்லது. கூட யார் நடப்பாங்க?"

"யாருமில்ல."

"வழியில பேசறவங்க?"

அவள் யோசித்தாள். "இல்ல."

"நீங்க விபத்துக்கு முன்னாடி நல்லா நடந்தீங்கன்னு வந்து சொல்ல ஒரே ஒரு ஆள் போதும்மா. ஒரே ஒரு ஆள்."

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நான் வரேன் பாப்பா, அதுக்கென்ன. ஆனா..." அவர் இழுத்தார். "பொய் சொல்லக்கூடாதுல்ல? நீ நடந்து நான் பாத்து எத்தனை வருஷமாச்சு? வந்தா உக்காந்துதான பேசுவோம். கிளம்பும்போது நீ கதவு வரைக்கும் வருவ. அந்த நாலு அடிய வெச்சு நான் கோர்ட்ல என்னன்னு சொல்றது?"

அவர் சொன்னது சரிதான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏழு வருடமாக அங்கே இருக்கிற பெண்மணி கதவைப் பாதி திறந்து, "நீங்க மேல் மாடின்னுல்ல நெனச்சேன்?" என்றாள். கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். 'எங்கள் ஊழியர்கள் வீட்டிலிருந்து பணிபுரிவதால் அவர்களின் உடல்நிலை குறித்து எங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை' என்று பதில் வந்தது. கீழே அதே பெயர்.

பிறகு மூன்று நாள், காலையில் வாடகை வண்டி பிடித்துக் கால்வாய்க் கரைக்குப் போனாள். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைகளை வீசி வீசி நடக்கும் தொப்பிக்காரர், சண்டை போட்டுக்கொண்டே ஓடும் இளம் தம்பதி, இரண்டு நாய்களால் இழுத்துச் செல்லப்படும் பெண். இவர்களையெல்லாம் அவளுக்குத் தெரியும். தொப்பிக்காரர் போன வருடம் ஒரு மாதம் வராததுகூடத் தெரியும். அவர்களுக்கு அவளைத் தெரியுமா என்று இதுவரை அவள் யோசித்ததில்லை.

மூன்றாம் நாள் துணிந்து நாய்க்காரப் பெண்ணை நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அவள் முகத்தை நல்லெண்ணத்தோடு உற்றுப் பார்த்தாள்.

"பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லுன்னா முடியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்றாள். நாய்கள் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போயின.

பட்ட காலிலே படும் என்பார்கள். காலில் பட்டதைவிட இதுதான் அதிகம் வலித்தது. பதினோரு வருடம், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம் ஊருக்கு நடுவில் நடந்திருக்கிறாள். ஒருவர் கண்ணிலும் அது விழவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது இதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். வலிப் பட்டியலில் இதற்கு எங்கே இடம் என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

வக்கீல் அலுவலகப் பெண்ணே வேறொன்று கேட்டாள். "அக்கா, அன்னைக்குப் போட்டிருந்த ஷூ இருக்கா?"

இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தபடி அலமாரியின் அடியில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடி புதிது. விழுவதற்குச் சில வாரம் முன்னால்தான் சோல் மாற்றியிருந்தாள். மாற்றிக் கொடுத்தது, ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே சாவி வெட்டிக்கொடுத்து ஷூவும் தைத்துக்கொடுக்கும் ஒரு சின்னக் கடை.

மறுநாள் போனாள். சாவிக்கடைக்காரர் அறுபதை ஒட்டிய, குனிந்தே பழகிய மனிதர். வந்தவளைப் பார்க்கவில்லை. பையிலிருந்து வெளியே வந்ததைத்தான் பார்த்தார்.

"அட, பழுப்பு ஜோடி! இது நம்ம கை வேலைதான். ஏன், பிச்சுக்கிச்சா? பிச்சுக்க வாய்ப்பில்லையே."

"பிச்சுக்கல. இது எப்ப மாத்துனதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் எண்ணெய்க் கறை படிந்த ஒரு டோக்கன் நோட்டைப் புரட்டித் தேதியைக் காட்டினார். விழுவதற்குப் பதினெட்டு நாள் முன்பு. பிறகுதான் நிமிர்ந்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னம்மா இது?"

அவள் சொன்னாள். அதிகம் சொல்லிப் பழக்கமில்லாததால் சுருக்கமாகவே சொன்னாள். சோல் புதுசு என்று வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

"அரை நாள் கடைய மூடணுமே," என்று தாடையைத் தடவினார். எதிரே தொங்கிய சாவிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. வரேன்."

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நீதிபதி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஒரு பெண்மணி. எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், மரியாதையானவர். முதலில் கேமரா பதிவைப் போட்டார்கள். தான் விழுவதை அவளே பார்த்தாள். சத்தமில்லாத படம். ஆனால் உதடுகள் மன்னிப்புக் கேட்பது தெரிந்தது.

"கடைப் பணியாள்கிட்ட ஒண்ணும் ஆகலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க, இல்லையா?" என்று இளைஞர் கேட்டார்.

"ஆமா."

"விபத்துக்கு முன்னாடி தினமும் நடந்ததா சொல்றீங்க. கூட யாராவது வருவாங்களா?"

"இல்ல."

"நீங்க நடக்கறத யாராவது பாத்திருக்காங்களா?"

"தெரியல," என்றாள். நீதிபதி அதை எழுதிக்கொண்டார். எழுதும் சத்தம் அறையில் கேட்டது.

பிறகு சாவிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் நகங்களில் கறுப்பு போகவில்லை. சோல் புதிது, வழுக்காத ரப்பர் என்று சொல்லி டோக்கன் நோட்டைக் காட்டினார். அவருடைய வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு இளைஞர் அவரை அப்படி விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி ஷூ உங்ககிட்ட வரும்?"

"இருபது, முப்பது."

"அதுல இவங்க ஜோடி மட்டும் எப்படிங்க இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு?"

சாவிக்கடைக்காரருக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. "எப்படி மறக்கும்? எட்டு வருஷமா அவங்களுக்கு நான்தான் சோல் மாத்தறேன். ஒழுங்காத் தேயற ஜோடி ரொம்ப அபூர்வம்ங்க. சில பேருக்கு உள்பக்கம் தேயும், சில பேருக்கு வெளிப்பக்கம். நொண்டறவங்களுக்கு ஒரு ஷூ முழுசாப் போயிருக்கும், இன்னொண்ணு புதுசு மாதிரி இருக்கும். இவங்களுது ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாத் தேயும். ஒண்ண வெட்டிட்டா இன்னொண்ணுக்கு அளவெடுக்கவே வேணாம்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடியும் அப்படித்தானா?" என்று அவரே கேட்டார்.

சாவிக்கடைக்காரர் கண்ணை மூடி யோசித்தார். "இருங்க. ஒரு தடவை வலது குதிகால் கொஞ்சம் அதிகமாத் தேய்ஞ்சு வந்துச்சு. இடது பக்கம் வலி இருந்தா பாரம் வலதுல விழும். முட்டி வலி போலன்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த தடவை வந்தப்ப சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி தேய்ஞ்சு வரவே இல்ல." பிறகு சொன்னார். "தினமும் காலைல ஏழுக்குக் கொஞ்சம் முன்னாடி என் கடையத் தாண்டிப் போவாங்க. நான் ஷட்டர் தூக்கறதுக்குக் குனிஞ்சிருப்பேன், மொகம் பாக்க மாட்டேன். நடை சத்தம் கேக்கும். ஒரே சீரா இருக்கும். ஆறு மாசமாக் கேக்கல. வீடு மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. மடியில் இருந்த அவள் விரல்கள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. அவர் சொன்னதைச் சொல் விடாமல் தட்டச்சு செய்வதுபோல அசைந்தன. தான் அப்படிச் செய்வது தெரிந்ததும் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. தப்பு கடையினுடையதுதான், காலின் குறை விபத்தால் வந்ததுதான் என்று இருந்தது. அவளும் பார்த்து நடந்திருக்கலாம் என்று நஷ்டஈட்டில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கடனை அடைக்கவும், மாடியை விட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாறவும் மீதிப் பணம் போதும். அண்ணன் போனில் கத்தினார். "ஜெயிச்சுட்டோம் பாப்பா!" வக்கீல் கைகுலுக்கினார். இவ்வளவு நாள் நினைத்திராத அளவுக்குச் சின்னதாக முடிந்துவிட்டது எல்லாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். பதினொன்றானது. பதினொன்றேகால் ஆனது. அப்புறம்தான் உறைத்தது, இனிமேல் போன் வராது. வலி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இனி யாருக்கும் இல்லை. வலி மட்டும் இருந்தது.

மூன்றாவது செவ்வாய் அவளே வக்கீல் அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"காகிதம் ஏதாவது பாக்கி இருக்கான்னு கேக்கலாம்னுதான்..."

"எல்லாம் முடிஞ்சுடுச்சுக்கா. கோப்ப மூடியாச்சு. நீங்க எப்படி இருக்கீங்க?" உண்மையான அன்போடுதான் கேட்டாள் அந்தப் பெண். ஆனால் அவள் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அங்கே இன்னொரு போன் அடித்தது. "ஒரே நிமிஷம்க்கா."

"பரவால்ல, நீங்க வேலையப் பாருங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ரயில் நிலையத்துக்குப் போனாள். இடது ஷூவின் அடியை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தித் தரும்படி டாக்டரின் சீட்டு இருந்தது. சாவிக்கடைக்காரர் அதை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார். இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கோர்ட்டில் அவ்வளவு பேசியவர் இங்கே அளவுகோலைத் தேடுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

"அன்னைக்கு நன்றி சொல்லவே இல்ல நான்," என்றாள்.

"நான் என்ன பெருசா சொல்லிட்டேன்? ஷூ சொன்னத எடுத்துச் சொன்னேன்." ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. பசை காய ஒரு மணி நேரமாவது ஆகும்."

உட்கார்ந்தாள். சாக்ஸ் போட்ட காலை ஒரு பழைய செய்தித்தாள்மேல் வைத்துக்கொண்டாள். யாரோ வந்து ஒரு சாவி கொடுத்து இரண்டாகக் கேட்டார்கள். இயந்திரம் கிறீச்சிட்டது, பித்தளைத் தூள் பறந்தது. ரயில் வந்து ஒரு கூட்டம் இறங்கிப் போயிற்று. அந்த நேரம் முழுக்க அவர்கள் ஐந்தாறு வார்த்தைகள்தான் பேசினார்கள். அவளுக்கு அது போதுமாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

ஷூவைக் கொடுக்கும்போது அவர் சொன்னார், "உடனே சரியா இருக்காது. ஒரு வாரம் போட்டு நடந்துட்டுக் கொண்டாங்க. எங்க தேயுதுன்னு பாத்தாத்தான் எவ்வளவு செதுக்கணும்னு சொல்ல முடியும்."

"எந்தக் கிழமை வரட்டும்?"

"ஞாயிறு தவிர எந்தக் கிழமைன்னாலும் வாங்க."

வண்டி பிடிக்காமல் கால்வாய்க் கரையோடு திரும்பினாள். முன்பு இருபது நிமிடத்தில் முடிகிற தூரம். நடுவழியில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு மரத்தடியில் நின்று ஊன்றுகோலில் சாய்ந்து, தூறல் விடும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் வேறு யாருமில்லை. மழை விட்டதும் ஈர மண்ணில் காலை நிதானமாகப் பதித்து, வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.